மிதக்கிற ரயிலுக்கு மஞ்சள் தண்ணீர்

எங்கள் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் என்பது ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் விலைக்குக் கிடைக்கும் ஒரு பொருள். நாலு வருஷம் பொறியியல் படித்தவர்கள் கடைசியில் மூளையைக் கசக்கிச் சொந்தமாக எதையாவது செய்து காட்ட வேண்டும் என்று பல்கலைக்கழகம் ஆசைப்பட்டது. எங்கள் வகுப்பு அப்படியெல்லாம் ஆசைப்படவில்லை. தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் மணியடிக்கும் பெட்டி, கை தட்டினால் எரியும் விளக்கு, பாஸ்வேர்டு போட்டால் திறக்கும் கதவு என்று சில தினுசுகள் இருந்தன. கடைக்காரரே ரிப்போர்ட்டை அச்சடித்து, கறுப்பு அட்டையில் பைண்டு போட்டு, வைவாவில் என்ன கேட்பார்கள் என்பதையும் சொல்லி அனுப்புவார். ஒரு ஜாக்கெட் தைத்து வாங்குவதற்குக்கூட நாம் இதைவிட அதிகமாக அலைய வேண்டும்.

நான் மட்டும் மிதக்கும் ரயில் செய்வதாக எழுதிக் கொடுத்தேன். கொழுப்பு என்றுதான் சொல்ல வேண்டும். என்னோடு ஒரே குழுவில் இருந்த இரண்டு பேரும் தலைப்பைப் படித்த அன்றே தண்ணீர்த் தொட்டிக் கோஷ்டியில் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

கொழுப்புக்கும் ஒரு காரணம் உண்டு. திருவொற்றியூரில் பிறந்தவர்களுக்கு ரயில் என்பது ஓடுவதல்ல, நிற்பது. சென்ட்ரலுக்குப் புறப்பட்ட வண்டி கொருக்குப்பேட்டையில் நிற்கும். பிறகு பேசின் பிரிட்ஜுக்கு வெளியே, எந்த ஸ்டேஷனும் இல்லாத இடத்தில், இன்னும் ஆசையாக நிற்கும். கால்வாய் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து சீட்டுக்காரருடைய குடும்ப வழக்கு முழுவதையும் கேட்டு முடித்துவிடலாம். அப்படி நின்றுகொண்டிருந்த ஒரு நாள், முன்னால் உட்கார்ந்திருந்தவர் விரித்த பேப்பரை எட்டிப் பார்த்தபோதுதான் ஜப்பான்காரனின் ரயிலைப் பற்றித் தெரிந்துகொண்டேன். தரையைத் தொடாமல் காற்றில் மிதந்தபடி விமானத்தோடு போட்டி போடுகிறதாம். எங்கள் வண்டி அப்போதும் நகரவில்லை. எனக்கு வந்த பொறாமைக்கு அளவில்லை.

அந்த ரயிலின் சூட்சுமத்தைப் பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். சில உலோகங்களைக் கடுமையாகக் குளிரவைத்தால் அவை மின்சாரத்தைத் தடுப்பதை அடியோடு நிறுத்திவிடும். அப்படிப்பட்ட உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றி ஒருமுறை மின்சாரத்தை ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். சுருள் ஒரு ராட்சதக் காந்தமாகிவிடும். இந்தக் காந்தங்களைத் திரவ ஹீலியத்தில் குளிரவைத்து ரயிலின் இரண்டு பக்கமும் பொருத்தியிருக்கிறார்கள். பாதையின் சுவர்களில் இருப்பது சாதாரணச் சுருள்கள்தான். ரயில் வேகமாகக் கடக்கும்போது அவற்றில் மின்சாரம் தானாகப் பிறந்து ரயிலைத் தூக்கிப் பிடிக்கும். வேகம் இல்லாவிட்டால் தூக்காது. அதனால் உலகப் புகழ்பெற்ற அந்த மிதக்கும் ரயிலுக்கும் ரகசியமாகச் சக்கரங்கள் உண்டு. இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஹீலியத்துக்கு நான் எங்கே போவேன்? என் ரயில் அந்த ஜப்பான் ரயிலுக்கு ஏழைத் தங்கச்சி. கம்பிச் சுருளுக்குப் பதில் கறுப்பு நிறத்தில், கேரம் காய் அளவில் ஒரு பீங்கான் வில்லை. அதற்குத் திரவ நைட்ரஜனே போதும். காந்தத்துக்கு மேலே ஒரு அட்டையை வைத்து, அட்டையின் மேல் வில்லையை வைத்து நைட்ரஜன் ஊற்றினால், காந்தத்தின் விசைக் கோடுகள் வில்லைக்குள் சிக்கிக்கொள்ளும். மீன் வலைக்கண்ணியில் தலையை விட்டுவிட்டு முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் வர முடியாமல் மாட்டிக்கொள்ளுமே, அப்படி. அப்புறம் அட்டையை உருவிவிட்டால் வில்லை அந்தரத்தில் நிற்கும்.

எங்கள் துறைத்தலைவர் தலைப்பைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்க ஏரியாவுல மிதக்கிறது படகுதானேம்மா? ரயில் எப்ப இருந்து?” என்றார். நான் ஏதோ பதில் சொல்ல, அதில் வந்த ‘இன்னா’வைப் பிடித்துக்கொண்டு, “இன்னாம்மா, மெய்யாலுமே மிதக்குமா?” என்று என்னைப் போலவே பேசிக் காட்டினார். பக்கத்தில் இருந்த ஆசிரியர்கள் கடமை தவறாமல் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் சொன்னார்: “எக்ஸ்டர்னல் முன்னாடி மிதக்கணும். மிதக்கலைன்னா அரியர்தான்.”

எனக்கு அந்த அரியர் மட்டும் ஆகாது. அந்த வருஷம் எங்கள் கல்லூரிக்கு வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர், ஆஸ்பத்திரிகளில் இருக்கும் பெரிய ஸ்கேன் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனிக்காரர். ஆள் நுழையும் குழாயைச் சுற்றி இருப்பதும் இதே ஹீலியம் காந்தம்தான் என்று நான் ஆர்வக்கோளாறில் உளறிக்கொட்டியதைக் கேட்டு, என்னைத் தேர்ந்தெடுத்துவிட்டார். ஒரே நிபந்தனை, அரியர் இருக்கக் கூடாது. அந்த வேலை எனக்கு வேண்டும். நைனா ஐஸ் விற்பதும் அம்மா மீன் கூடை சுமப்பதும் போதும் என்று நினைக்கிற வீட்டில், எனக்கு மட்டும் அந்தக் காந்தத்தைக் கிட்டே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று வெறியே பிடித்திருந்தது.

வில்லைகள் கிடைத்தது என் அதிர்ஷ்டம். நகரத்தின் தெற்குப் பக்கம், மான்கள் திரியும் ஒரு பெரிய படிப்பு வளாகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒருத்தி, என் நச்சரிப்பு தாங்காமல் நாலு வில்லைகளைக் கொடுத்தாள். “எதுல வேணா போடு, தண்ணி மட்டும் படக் கூடாது. உள்ள முழுக்கப் பொடி ஓட்டை, தண்ணி ஏறிச்சுன்னா போச்சு” என்று சொல்லித்தான் கொடுத்தாள். தண்டவாளத்துக்கான காந்தங்கள் துறைமுகத்தின் புண்ணியம். வெளிநாட்டுக்காரன் தூக்கிப் போட்ட கம்ப்யூட்டர்கள் கன்டெய்னர் கன்டெய்னராக வந்து இறங்கி, வியாசர்பாடிக் காயலான் கடைகளில் மலையாகக் கிடந்தன. செத்த ஹார்டு டிஸ்குகளை உடைத்தால் உள்ளே வாழைப்பழச் சீவல் மாதிரி வளைந்த காந்தம் இருக்கும். விரலைக் கொடுத்தால் கடிக்கும். அவற்றை ஒரே திசையில் வரிசையாக இரும்புப் பட்டையில் ஒட்டினேன். ஒன்று திரும்பி இருந்தாலும் ரயில் அங்கேயே நின்றுவிடும், அப்புறம் எனக்கும் பேசின் பிரிட்ஜுக்கும் வித்தியாசம் இருக்காது.

வீட்டில் முதலில் மனம் உடைந்தவர் நைனா. காசிமேட்டில் ஐஸ் உடைத்து விற்கிறவர் அவர். குளிர்ச்சி என்றால் அது தன் இலாகா என்று நினைத்திருந்தார்.

“கூலிங் வேணும்னா ஐஸு கீதே. எத்தினி கட்டி வேணும்?”

“ஐஸு பத்தாது நைனா. அதுக்கு ஐஸு சூடு.”

“இன்னாது? ஐஸு சூடா?”

“மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறுக்குப் போவணும்.”

நைனா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே வந்து, “உப்பு போட்டா கொஞ்சம் எறங்கும், தெரியுமில்ல?” என்று கேட்டார். உப்புப் போட்டாலும் அவ்வளவு தூரம் இறங்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, தலையை ஆட்டி வைத்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, எங்கள் மீனவக் குப்பத்துக் கரையில் ஃபைபர் படகு, எங்கள் பேச்சில் ‘போட்டு’, செய்கிறவர். ரயிலுக்கு ஒரு மேல்கூடு வேண்டும் என்று அவரிடம்தான் போனேன். ஜப்பான் ரயிலின் படத்தைக் காட்டினேன். முன்பக்கம் நீளமாக, கூராக, கீழே தாழ்ந்து வரும் மூக்கு. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு என்னாண்ட பொய் சொல்ற? இது போட்டுதான்.”

“ரயிலு மாமா.”

“சக்கரம் எங்க?”

“தள்ளும்போதுதான் சக்கரம். அப்பால மிதக்கும்.”

“அதான் சொல்றேன். கரையில உருட்டித் தள்ளுறோம், அப்பால மிதக்குது. போட்டு.”

அளவு சொல்லிக் கொடுத்தேன். மாமா நான் சொன்ன அளவுக்கு மரியாதை கொடுத்துவிட்டு, தனக்குத் தோன்றியபடி செய்தார். முழங்கை நீளத்தில் ஒரு போட்டு வந்து சேர்ந்தது. நீல பெயிண்ட், நடுவில் சிவப்புக் கோடு, அலையைக் கிழிக்கிற மூக்கு. அடியில் மட்டும் எனக்காக நீளமாக ஓட்டை விட்டிருந்தார். அந்த ஓட்டையில் ஒரு தெர்மாகோல் தொட்டியைப் பொருத்தி, தொட்டியின் அடியில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு வில்லைகளையும் பதித்து, சுற்றிலும் எம்சீல் பசை வைத்து அடைத்தேன். கவிழ்த்துப் பார்த்தால் நாலு கறுப்பு முகங்கள் தெரியும். கனம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் மாமா அதைக் கரையில் இருந்த ஒவ்வொருவரிடமும் காட்டிவிட்டு வந்திருந்தார். “என் போட்டு காலேஜுக்குப் போவுது” என்று ஐஸ் வண்டிக்காரன் முதல் வலை பின்னுகிறவர் வரை சொல்லியாகிவிட்டது. அவர் செய்த எதுவும் அதுவரை கரையைத் தாண்டி மேற்கே போனதில்லை. அதன் மேல் எனக்குக் கை வைக்க மனமில்லை.

நைட்ரஜன் வாங்குவதற்கு ஒரு கேன் வேண்டும். சாதாரணக் கேன் தாங்காது. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு மாட்டு டாக்டர், காளைகளின் விந்தை உறையவைத்து எடுத்துப் போகிற பழைய கேனை இரவல் கொடுத்தார். அதில் முன்பு என்ன இருந்தது என்று அம்மா கேட்டாள். நானும் அறிவில்லாமல் சொல்லிவிட்டேன். “கலீஜு புடிச்ச கஸ்மாலம், இத்தப் போயி வூட்டுக்குள்ள இஸ்துகினு வந்துகீற” என்று அதை வாசலிலேயே நிறுத்தி, அதன் தலையில் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விட்டாள். எங்கள் வீட்டில் எதற்கும் மஞ்சள் தண்ணீர்தான். நான் அப்போதே சுதாரித்திருக்கலாம்.

வைவாவுக்கு முந்தின நாள் ரயிலைச் சாமி படத்துக்குக் கீழே வைத்து, எல்லோரையும் கூப்பிட்டு, “யாரும் தொடக் கூடாது. முக்கியமா தண்ணி படக் கூடாது. பட்டா என் வேல போச்சு” என்று சொன்னேன். எல்லோரும் பொறுப்பாகத் தலையாட்டினார்கள். நான் படுத்துத் தூங்கிவிட்டேன்.

காலையில் எழுந்து பார்த்தால் என் ரயில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் உட்கார்ந்திருந்தது. மூக்கில் சந்தனம், குங்குமம், கழுத்தில் கதம்பம். தாம்பாளம் நிறைய மஞ்சள் தண்ணீர். அடியில் இருந்த நாலு வில்லைகளும் ராத்திரி முழுவதும் அதில் ஊறியிருந்தன.

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

“தண்ணி படக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?”

“சொன்ன,” என்றாள் அம்மா. “யாரு தண்ணி ஊத்துனா? மஞ்சத்தண்ணிதான ஊத்துனோம்.”

“மஞ்சத்தண்ணி தண்ணி இல்லியா?”

“அது எப்டி தண்ணி ஆவும்?” அம்மாவுக்கு மெய்யாகவே புரியவில்லை. மஞ்சள் போட்ட பிறகு அது தண்ணீரின் ஜாதியில் இருந்தே விலகிவிடுகிறது என்பது அவள் கட்சி.

மாமா நடுவில் வந்தார். “பூச போடாம ஒரு போட்டும் என் கையால எறங்குனதில்ல. மொத தபா மிதக்கப் போற அடி, காஞ்சி கெடக்கக் கூடாது. ராவெல்லாம் நெனஞ்சி கெடக்கணும். அதான் மொற.”

கடலுக்கு இறங்குகிற போட்டுக்கு அது முறைதான். குப்பத்தில் பிறந்த நானே அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். புதுப் போட்டின் அடியில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது குலவை போட்டவர்களில் நானும் ஒருத்தி. ஆத்திரத்தில் கதம்பத்தைப் பிய்த்துப் போட்டேன். மாமாவின் முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்க்கவும் எனக்கு நேரமில்லை.

நைனாவின் மோட்டார் வைத்த மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் கிளம்பினோம். மணலியில், காற்றைக் குளிரவைத்துத் திரவமாக்குகிற ஆலையில் கேனை நிரப்பிக்கொண்டோம். அங்கிருந்து செங்குன்றம் தாண்டிக் கல்லூரி. வழியெல்லாம் நான் ரயிலைக் கவிழ்த்து, அடியை வெயிலுக்குக் காட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கருவாடுகூட ஒரு வேளை வெயிலில் காயாது என்று தெரிந்தும் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமா கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி வந்தார். மூடியின் இடுக்கில் இருந்து வெள்ளைப் புகை வழிந்துகொண்டே இருந்தது. மாதவரம் அருகே ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னாய்யா புகையுது? சாராயமா?”

“கூலிங் சார். மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு,” என்றார் நைனா, தானே தயாரித்ததுபோல. “ஐஸெல்லாம் இதுக்கு முன்னாடி சூடு.”

போலீஸ்காரர் கேனை முகர்ந்து பார்த்தார். பிறகு என் கையில் கவிழ்ந்து கிடந்த, குங்குமம் வைத்த போட்டைப் பார்த்தார். எங்களை நிறுத்தியதே தப்பு என்று தோன்றியிருக்க வேண்டும், போகச் சொல்லிவிட்டார்.

கல்லூரியில் எனக்கு முன்னால் நாலு தண்ணீர்த் தொட்டிகள் மணியடித்து முடித்திருந்தன. வெளியில் இருந்து வந்திருந்த எக்ஸ்டர்னல், மெலிந்த, வயதான மனிதர், கன்னத்தில் கை வைத்துக் கண்ணை மூடியிருந்தார். துறைத்தலைவர் மட்டும் உற்சாகமாக இருந்தார். கேனைத் தூக்கிக்கொண்டு லுங்கியோடு நுழைந்த மாமாவை மேலும் கீழும் பார்த்தார். கேனைச் சாய்த்து ஊற்ற வேறு ஆள் கிடையாது என்று சொல்லி மாமாவைப் பக்கத்திலேயே நிறுத்திக்கொண்டேன். நைனா வண்டியைப் பார்த்துக்கொள்ள வெளியே நின்றுவிட்டார்.

தண்டவாளத்தின் மேல் அட்டையை வைத்து, அட்டையின் மேல் ரயிலை வைத்தேன். மாமா தோல் கையுறை மாட்டிக்கொண்டு கேனைச் சாய்த்தார். தொட்டிக்குள் நைட்ரஜன் கொதித்துப் புகைந்து மேஜை முழுவதும் வழிந்தது. எக்ஸ்டர்னல் கண்ணைத் திறந்தார். வெளியே இருந்த மொத்த வகுப்பும் ஜன்னலில் வந்து ஒட்டிக்கொண்டது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. டிக். கொஞ்சம் விட்டு இன்னொரு டிக். உள்ளே ஏறியிருந்த தண்ணீர் உறைந்து வில்லையைப் பிளக்கிற சத்தம் அது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அட்டையை உருவினேன். பின்பக்கம் அந்தரத்தில் நின்றது. முன்பக்கம் மூக்கைக் கொண்டுபோய்த் தண்டவாளத்தில் குத்திக்கொண்டது.

“என்னம்மா, ரயில் நமக்கு வணக்கம் சொல்லுதா?” என்றார் துறைத்தலைவர்.

முன்னால் இருந்த இரண்டு வில்லைகளும் போய்விட்டன. மிச்சம் இரண்டு. அவ்வளவு பெரிய கூட்டை இரண்டு வில்லைகள் தூக்காது. வேலை போய்விட்டது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

“இன்னா கண்ணு, வெயிட்டா?” என்று காதருகே மாமாவின் குரல் கேட்டது.

என்ன சொன்னாலும் அவருடைய போட்டைத்தான் குறை சொல்ல வேண்டியிருக்கும். தலையை மட்டும் ஆட்டினேன்.

மாமா கேனைக் கீழே வைத்தார். தொட்டியில் இருந்த நைட்ரஜன் புகைந்து தீரும்வரை பார்த்திருந்து கையுறையைக் கழற்றினார். இடுப்பில் இருந்து கத்தியை எடுத்தார். துறைத்தலைவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். மாமா ரயிலைத் தூக்கி மடியில் கவிழ்த்துக்கொண்டு எம்சீலைச் சுற்றிச் சுற்றி அறுத்தார். நீலப் பெயிண்ட் செதில் செதிலாகக் கொட்டியது. தொட்டியை உருவி எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு, போட்டைக் கீழே கேனுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாதபடி தள்ளி வைத்தார்.

“நடுக்கடல்ல தண்ணி ஏறுனா வலையத் தூக்கிப் போட்டுடுவோம். மோட்டாரக்கூடப் போட்டுக்கீறேன்,” என்றார். “நீ உன் வேலையப் பாரு.”

நான் தொட்டியின் பின்பாதியை மட்டும் வெட்டி எடுத்தேன். பையில் மிச்சம் இருந்த எம்சீலைத் திறந்த முனையில் வைத்து அடைத்தேன். மறுபடியும் அட்டை, மறுபடியும் நைட்ரஜன். என் காது டிக் சத்தத்துக்காகவே திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அட்டையை உருவினேன்.

நின்றது. ரயிலும் இல்லை, போட்டும் இல்லை, புகைவிடுகிற அரை தெர்மாகோல் பெட்டி. ஆனால் தண்டவாளத்தைத் தொடாமல் நின்றது. விரலால் லேசாகத் தட்டினேன். கோணாமல், ஆடாமல், தண்டவாளத்தின் மறுகோடிவரை வழுக்கிக்கொண்டு போனது. ஜன்னலில் இருந்த கூட்டம் விசிலடித்தது. தண்ணீர்த் தொட்டிக் கோஷ்டிக்குப் போன இரண்டு பேரும் எல்லோரையும்விட ஓங்கி அடித்தார்கள்.

எக்ஸ்டர்னல் எழுந்து வந்து, தன் பேனாவைப் பெட்டிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். உடைந்த முன்பாதியை எடுத்துத் திருப்பினார்.

“இது ஏன் மஞ்சளா இருக்கு?”

பொய் சொல்ல நேரமில்லை. “பூச போட்டாங்க சார். புதுசா மிதக்கிறதுக்கு மஞ்சத்தண்ணி ஊத்துறது எங்க வழக்கம். தண்ணி உள்ள ஏறி ஒறைஞ்சி வெடிச்சிடுச்சி.”

துறைத்தலைவருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. “பாத்தீங்களா சார்? சூப்பர்கண்டக்டருக்கு மஞ்சத்தண்ணி! இவங்கள எல்லாம் எந்த சயின்ஸும் திருத்தாது.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அதுவரை நாலு வருஷம் பொறுத்திருந்தேன். “சார், உங்க பின்னாடி பாருங்க,” என்றேன். அவருக்குப் பின்னால் இருந்த பவர் சப்ளையில் போன ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் காய்ந்து அப்பியிருந்தன. ஆசிலாஸ்கோப்பில் மூன்று விபூதிக் கோடு. கம்ப்யூட்டர் ஒன்றுவிடாமல் நெற்றிப்பொட்டு. லேப் வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் ஆடிக்கொண்டிருந்தன. “அதெல்லாம் நீங்க வெச்சது சார். நல்ல வேள, அதுக்குள்ள ஓட்டை இல்ல.”

எக்ஸ்டர்னல் சிரித்தார். இருமல் வருகிறவரை சிரித்தார். பிறகு துறைத்தலைவர் பக்கம் திரும்பாமலே என்னைக் கேட்டார். “நிஜ ரயில்ல ஓடும்போது ஒரு காந்தம் திடீர்னு குளிர்ச்சி விட்டுப்போச்சுன்னா என்ன ஆகும்?”

“உள்ள சுத்துற கரென்ட்டு மொத்தமும் சூடாயிடும் சார். ஹீலியம் கொதிச்சி வெளிய போயிடும். காந்தம் அவ்ளோதான், செத்துடும். அந்தப் பக்கம் எறங்கும். அதுக்குத்தான் காந்தத்தப் பிரிச்சிப் பிரிச்சி வெச்சிருக்காங்க, மிச்சம் இருக்கிறது தாங்கும், சக்கரமும் எறங்கும்.” சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கே உறைத்தது. “இப்ப நீங்க பாத்தீங்களே சார், அதுதான். முன்பக்கம் செத்துச்சி. வெயிட்டக் குறைச்சி பின்பக்கத்துலயே ஓட்டிட்டோம்.”

“ஓட்டிட்டோம்” என்று சொல்லும்போது மாமாவைப் பார்த்தேன். அவர் மேஜையில் கொட்டிக் கிடந்த நீலச் செதில்களைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

“பாஸ்,” என்றார் எக்ஸ்டர்னல். துறைத்தலைவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, எலுமிச்சம்பழத்தை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

வெளியே வந்து சொன்னதும் நைனா வண்டியின் ஹாரனை விடாமல் அடித்தார். திரும்பி வரும் வழியெல்லாம் அவருக்குத்தான் பேச்சு. மாமா போட்டை லுங்கி மடிப்பில் சுற்றி வைத்துக்கொண்டு, “நல்லா ஓடுச்சி, நல்லா ஓடுச்சி” என்று இரண்டு முறை சொன்னதோடு சரி. குப்பம் வந்ததும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை, நேராகத் தன் கொட்டகைக்குப் போய்விட்டார். கரையில் யாரோ, “இன்னாப்பா, உன் போட்டு மிதந்துச்சா?” என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவர் நடையை எட்டிப் போட்டார். காலையில் நான் பிய்த்துப் போட்ட கதம்பம் வீட்டு வாசலில் அப்படியே கிடந்தது. வேலை கிடைத்தும், குனிந்து அந்தப் பூக்களைப் பொறுக்கத்தான் தோன்றியது.

பொழுது சாயும் நேரத்தில் மாமா என்னை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கடல் அரிப்புக்காகக் கொட்டிய பாறாங்கற்களைத் தாண்டி, தண்ணீர் ஓரத்தில் முழங்கால்வரை நனைந்து நின்றிருந்தார். கையில் போட்டு. அடியில் எனக்காக விட்டிருந்த ஓட்டையை ஃபைபர் வைத்து அடைத்து, பிசின் காய்ந்து, மேலே புது நீலம் அடித்திருந்தார். மூக்கில் ஒரு முழக் கயிறு கட்டியிருந்தது.

“பாத்துக்கோ,” என்று சொல்லி அதைத் தண்ணீரில் விட்டார்.

ஒரு பக்கம் சாயவில்லை. மூக்கு குத்தவில்லை. சின்ன அலை வந்தால் தலையைத் தூக்கி ஏறி இறங்கியது. கற்களின் மேல் நின்றிருந்த ஆட்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

“காந்தம் வாணாம், கூலிங் வாணாம்,” என்றார் மாமா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. “மிதக்குதா இல்லியா?”

“மிதக்குது மாமா.”

“இதுக்குப் போயி நாலு வருசம் படிச்சிகீற.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் அவர் தன் போட்டைத் தானே அறுத்துப் போட்டபோது வராத அழுகை, அங்கே நின்று வந்தது.

“இன்னாத்துக்கு அழுவுற? அதான் பாசாயிட்டல்ல.”

“ஆயிட்டேன்.”

“அப்ப இத்தப் புடி,” என்று கயிற்றை என் கையில் திணித்தார். “அல இஸ்துகினு போயிடப் போவுது.”

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். மாமா மேலே கற்களில் ஏறிப் போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் காலேஜில் நடந்ததை முதலில் இருந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் சொன்ன கதையில் முழுப் போட்டும்தான் மிதந்தது.